ஆரணித் தறியின் ஜக்கார்டு பெட்டி பிறந்த ஊர்: லியோனில் ஒரு நாள் நடந்து பார்க்கலாமா?

கலசப்பாக்கத்தில் தறி ஓடும் வீட்டுக்குள் போனால் முதலில் காதில் விழுவது சத்தம். அடுத்து கண்ணில் படுவது தறிக்கு மேலே, கூரையை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பெட்டி. அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோர்த்துத் தொங்கும். நெசவாளர் மிதியை அழுத்த அழுத்த ஒவ்வொரு அட்டையாக நகரும். சேலையில் மயிலோ மாங்காயோ ஓர் இழை வளரும்.

'ஜக்கார்டு பெட்டி' என்பது அதன் பெயர். தறிக்காரர்கள் பேச்சில் 'ஜக்காடு'. அது ஒரு மனிதரின் பெயர். 1752 ஜூலை 7-ம் தேதி பிரான்ஸின் லியோன் நகரில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்த ஜோசப் மரி ஜக்கார்டின் பெயர்.

ஐரோப்பா ட்ரிப் என்றாலே பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து என்றுதான் பிளான் போடுகிறோம். ஆனால் ஆரணி, போளூர், கலசப்பாக்கம் பக்கம் வேர் இருக்கும் ஒருவர், ஒரே ஒரு நாள் கையில் இருந்தால் நடந்து பார்க்க வேண்டிய ஊர் லியோன். நெசவாளர்களின் வீடு, சந்து, சண்டை, தோல்வி எல்லாமே அங்கே நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன.

லியோனுக்கும் ஆரணிக்கும் என்ன கனெக்‌ஷன்?

லியோன், ரோன், சோன் என்ற இரண்டு நதிகள் சேரும் இடத்தில் இருக்கும் ஊர். கி.மு. 43-ல் ரோமானியர்கள் லுக்டூனம் என்ற பெயரில் தொடங்கிய நகரம். 1998 முதல் இதன் பழைய பகுதிகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

1536-ல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா, இத்தாலியிலிருந்து வந்த வணிகர்களுக்கு இங்கே பட்டு நெய்யச் சிறப்புச் சலுகை கொடுத்தார். இத்தாலியப் பட்டுக்குப் போகும் பணத்தை உள்ளூரிலேயே நிறுத்துவதுதான் நோக்கம். அடுத்த 300 ஆண்டுகளில் லியோன் ஐரோப்பாவின் பட்டுத் தலைநகரமாகவே மாறியது. 1830-களில் சுமார் 30,000 தறிகள் ஓடின.

அங்கே நெசவாளருக்கு 'கனூ' என்று பெயர். அவர்கள் வேலை செய்த முறையைக் கேட்டால் ஆரணிக்காரர்களுக்குப் பழகிய கதையாக இருக்கும். பட்டு நூலும் டிசைனும் வியாபாரி கொடுப்பார். தறி நெசவாளரின் சொந்த வீட்டில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் வேலை உண்டு. துணியை நெய்து கொண்டுபோய்க் கொடுத்தால் அளவுக்குக் கூலி. தறிக்குச் சொந்தக்காரரிடம் ஒரு கூலி நெசவாளர் வேலை பார்த்தால், அந்தக் கூலியில் பாதி அவருக்கு.

'முதலாளி' பாவும் ஊடையும் சரிகையும் கொடுத்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் நம்ம ஊர் வழக்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

காலை 9 மணி: மேலிருந்து தொடங்குங்கள்

லியோனில் இரண்டு குன்றுகள். ஒன்று தேவாலயங்கள் நிறைந்த ஃபூர்வியர். இன்னொன்று நெசவாளர்கள் வாழ்ந்த க்ருவா ரூஸ். முதலாவது 'பிரார்த்திக்கும் குன்று', இரண்டாவது 'உழைக்கும் குன்று' என்று 19-ம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜூல் மிஷ்லே பெயர் வைத்தார். ஊர்க்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நடையை க்ருவா ரூஸின் உச்சியில் தொடங்குவது முழங்காலுக்கு நல்லது. மெட்ரோ சி லைனில் ஏறினால் நேராக மேலே கொண்டுபோய் விடும். ஏற்றம் செங்குத்து என்பதால் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஓடும் ரயில் அது. வெளியே வந்ததும் சதுக்கத்தில் ஜக்கார்டின் சிலை நிற்கும். பக்கத்து சாலையில் காலைச் சந்தை. காய்கறி, சீஸ், ரொட்டி எல்லாம் கிடைக்கும். திங்கள்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று கட்டடங்களை அண்ணாந்து பாருங்கள். எல்லா ஜன்னலும் அளவுக்கு மீறி உயரமாக இருக்கும். உள்ளே ஒரு மாடிக்கே சுமார் 4 மீட்டர் உயரம். அழகுக்காகக் கட்டியது இல்லை. ஜக்கார்டு பெட்டி வைத்த தறி அவ்வளவு உயரம். சோன் நதிக் கரையில் இருந்த பழைய வீடுகளில் அது நுழையவில்லை. அதனால் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தறிக்கு ஏற்ற மாதிரி வீடுகளைக் கட்டி, நெசவாளர்கள் குன்றுக்குக் குடி மாறினார்கள். பட்டின் நிறம் சரியாகத் தெரிய வெளிச்சம் வேண்டும், அதற்குத்தான் பெரிய ஜன்னல். தறிக்குப் பக்கத்தில் பாதி உயரத்தில் பரண் மாதிரி ஒரு தட்டு போட்டு, குடும்பம் அதில் படுத்துத் தூங்கியது. உயரமான இடம் தறிக்கு, குட்டையான இடம் மனிதர்களுக்கு.

நம்ம ஊரில் இதே பிரச்னைக்கு வேறு விடை இருந்தது: குழித்தறி. மிதியும் நெசவாளரின் காலும் பள்ளத்துக்குள் போய்விடுவதால் மேலே பெட்டிக்கு இடம் மிச்சம். அவர்கள் கூரையை உயர்த்தினார்கள், இவர்கள் தரையைத் தோண்டியிருந்தார்கள்.

காலை 10.30: அட்டை எப்படிப் பூ போடுகிறது?

சிலையிலிருந்து சில நிமிட நடையில் தீவ்ரி தெரு. அங்கே 'மெஸோன் தே கனூ', அதாவது நெசவாளர் இல்லம். 1970-ல் நெசவாளர் கூட்டுறவு அமைப்பு ஒன்று தொடங்கிய சிறிய அருங்காட்சியகம். இங்கே தறி கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டுகிறார்கள்.

ஆரணிப் பக்கம் தறி பார்த்து வளர்ந்தவருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? பெட்டிக்கு முன்னால் என்ன இருந்தது என்ற கதை இருக்கிறது.

துணியில் பூ விழ வேண்டும் என்றால், ஒவ்வொரு முறை நாடா ஓடும்போதும் சில பாவு இழைகள் மட்டும் மேலே எழ வேண்டும். எந்தெந்த இழை என்பதுதான் டிசைன். ஜக்கார்டுக்கு முன்னால் அந்த இழைகளைக் கயிறு கட்டி இழுக்கத் தனி ஆள் வேண்டும். பெரும்பாலும் அது ஒரு சிறுவனோ சிறுமியோதான். தறிக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து நாள் முழுக்க கயிறு இழுப்பது வேலை.

ஜக்கார்டின் இயந்திரம் இந்த வேலையை அட்டையிடம் கொடுத்தது. கான்செப்ட் ரொம்ப சிம்பிள்:

* ஓர் அட்டை என்பது நாடா ஒரு முறை ஓடுவதற்கான உத்தரவு.
* அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும், அந்தக் கொக்கி பாவு இழையை மேலே தூக்கும்.
* ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், அந்த இழை கீழேயே இருக்கும்.
* அட்டைகளை வரிசையாகக் கோர்த்தால் முழு டிசைன். டிசைனை மாற்ற வேண்டுமா? அட்டை மாலையை மாற்றினால் போதும்.

இது ஒருவர் தூங்கி எழுந்து கண்டுபிடித்தது இல்லை. லியோனில் 1725-ல் பசீல் பூஷோன் ஓட்டை போட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். ஃபல்கோன் அதை அட்டையாக்கினார். 1745-ல் வோக்கன்சோன் தானாக இயங்கும் ஒரு தறியைச் செய்தார். இவை எல்லாவற்றையும் சேர்த்து, தினசரி வேலைக்குத் தாங்கும் கருவியாக 1804-ல் முடித்தவர்தான் ஜக்கார்டு. அடுத்த ஆண்டே நெப்போலியன் அந்தக் கண்டுபிடிப்பை நகரத்துக்குச் சொந்தமாக்கி, ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்க் ஓய்வூதியம் கொடுத்தார்.

நெசவாளர்கள் இதைக் கைதட்டி வரவேற்கவில்லை. வேலை போய்விடும் என்று எதிர்த்தார்கள். பயத்தில் நியாயம் இருந்தது. கயிறு இழுத்த ஆளின் வேலை போகத்தான் செய்தது. ஆனால் நெசவாளரின் வேலை போகவில்லை, கூடியது. பூ வேலைத் துணி வேகமாக நெய்ய முடிந்ததால் தறிகள் பெருகின. அடுத்த சண்டை இயந்திரத்தோடு இல்லை, கூலியோடு. அதை மத்தியானத்துக்கு மேல் பார்ப்போம்.

சேலையிலிருந்து சாஃப்ட்வேர் வரை

ஓட்டை இருக்கிறதா, இல்லையா? இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

1839-ல் லியோனில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பார்த்தால் அச்சடித்த ஓவியம் மாதிரியே இருக்கும். அதில் ஒரு பிரதியை லண்டனில் சார்ல்ஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். தன்னுடைய கணக்கீட்டு இயந்திரத்துக்கு அட்டை மூலம் உத்தரவு கொடுக்கலாம் என்ற யோசனையை அவர் ஜக்கார்டு தறியிலிருந்துதான் எடுத்தார். 1843-ல் ஏடா லவ்லேஸ், தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல் இந்த இயந்திரம் கணிதத்தை நெய்யும் என்ற பொருளில் எழுதினார்.

1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹோலரித் ஓட்டை அட்டையை வைத்து எண்ணி முடித்தார். அவர் தொடங்கிய நிறுவனம் பின்னால் வேறு நிறுவனங்களோடு இணைந்து, 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது.

அப்பா தறியில், பிள்ளை சென்னையில் ஐ.டி. கம்பெனியில் என்று இருக்கும் குடும்பங்கள் ஆரணிப் பக்கம் உண்டு. இரண்டும் சம்பந்தமே இல்லாத வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டுமே ஒரே அட்டையின் இரண்டு முனைகள்.

மதியம் 12 மணி: சுவரோவியமும் 'நெசவாளர் மூளை'யும்

நெசவாளர் இல்லத்திலிருந்து வடக்கே நடந்தால் கனூ பொலிவார்ட். அங்கே 'மூர் தே கனூ' என்ற சுவர். 1,200 சதுர மீட்டர் பரப்பில் ஒரு தெரு, படிக்கட்டு, வீடுகள், மனிதர்கள் எல்லாமே ஓவியம். தூரத்திலிருந்து பார்த்தால் உள்ளே நடந்து போய்விடலாம் என்று தோன்றும். 1987-ல் வரைந்தார்கள். 1997-லும் 2013-லும் புதுப்பித்தார்கள். புதுப்பிக்கும்போது ஓவியத்தில் இருந்த மனிதர்களுக்கும் வயதைக் கூட்டினார்கள். அக்கம்பக்கத்து மாற்றங்களையும் சேர்த்தார்கள். 'பழைய பெருமை' என்று உறைய வைக்காமல், ஊரோடு சேர்ந்து வயதாகும் ஓவியம்.

மதியச் சாப்பாட்டுக்கு 'பூஷோன்' எனப்படும் லியோன் பாணிச் சின்ன உணவகங்கள் பிரபலம். மெனுவில் பெரும்பாலும் இறைச்சிதான். ஆனால் சைவம் சாப்பிடுபவர்கள் 'செர்வெல் த கனூ' கேட்கலாம். நேர்ப் பொருள் 'நெசவாளர் மூளை'. பயப்பட வேண்டாம். புது பாலாடைக்கட்டியில் பூண்டு, சின்ன வெங்காயம், பச்சிலை, எண்ணெய், வினிகர் சேர்த்து அடித்தது. கிட்டத்தட்ட நம்ம ஊர் கெட்டித் தயிர்ப் பச்சடி. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். ஏழை நெசவாளரின் சாப்பாடாகப் பெயர் பெற்றது, இன்று டூரிஸ்ட் மெனுவில் முக்கிய ஐட்டம்.

பிற்பகல் 2 மணி: வீட்டுக்குள் புகுந்து தெருவுக்கு வரும் வழி

இனி இறக்கம். க்ருவா ரூஸ் சரிவில் லியோனுக்கே உரிய ஒன்று இருக்கிறது: 'ட்ரபூல்'. ஒரு தெருவில் சாதாரணக் கதவைத் தள்ளித் திறந்தால் நடை. நடை முடிந்தால் முற்றம். முற்றத்தில் படிக்கட்டு. அதில் இறங்கி இன்னொரு கதவைத் திறந்தால் கீழே வேறு தெரு. கட்டடங்களின் வயிற்றுக்குள் புகுந்து போகும் குறுக்குவழி.

நகரம் முழுவதும் நூற்றுக்கணக்கான ட்ரபூல்கள் உண்டு. மழையில் நனையாமல் பட்டு மூட்டைகளைக் கீழே இறக்க நெசவாளர்களுக்கு இவை கைகொடுத்தன. இரண்டாம் உலகப் போரில் நாஜிக்களுக்கு எதிரான போராளிகள் தப்பிக்கவும் இதே வழிகள் உதவின. தெரியாத ஆள் உள்ளே வந்தால் எந்தக் கதவு எங்கே போகும் என்றே புரியாது.

இன்று சுமார் 40 ட்ரபூல்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. இதில் ஒரு டீல் இருக்கிறது. இவை அருங்காட்சியகம் இல்லை, மக்கள் குடியிருக்கும் வீடுகள். பகலில் கதவைத் திறந்து வைக்கக் குடியிருப்போர் சம்மதிக்கிறார்கள், பதிலுக்குப் பராமரிப்புச் செலவில் நகராட்சி பங்கு போடுகிறது. அதனால் உள்ளே போனால் மெதுவாகப் பேச வேண்டும். யார் வீட்டு ஜன்னலையும் படம் எடுக்கக் கூடாது.

கட்டாயம் பார்க்க வேண்டியது கொல்பேர் சதுக்கத்தில் 9-ம் எண் கதவு. உள்ளே 'கூர் தே வொராஸ்'. 1840-ல் கட்டப்பட்ட ஆறு மாடிக் கல் படிக்கட்டு, முற்றத்தின் மேல் திறந்தபடி ஏறிப் போகும். வொராஸ் என்பது 1848 வாக்கில் இயங்கிய ஒரு நெசவாளர் குழுவின் பெயர். அவர்கள் இங்கே கூடிப் பேசியதாகச் சொல்வார்கள்.

அவர்கள் ஏன் கூடிப் பேச வேண்டியிருந்தது?

1831: கூலிக்காக ஒரு நகரத்தையே பிடித்த நெசவாளர்கள்

1831-ல் பட்டுச் சந்தை ஆட்டம் கண்டிருந்தது. வியாபாரிகள் கூலியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். நெசவாளர்களின் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு வகைத் துணிக்கும் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று ஒரு பட்டியல் போடுங்கள், அதற்குக் கீழே யாரும் போகக் கூடாது.

அரசு அதிகாரி முன்னிலையில் இரண்டு தரப்பும் பேசி, அக்டோபர் 25-ல் பட்டியல் முடிவானது. நெசவாளர்கள் கொண்டாடினார்கள். ஆனால் 104 வியாபாரிகள் ஏற்க மறுத்தார்கள். 'சந்தை சுதந்திரத்தில் தலையிடக் கூடாது' என்பது அவர்கள் வாதம். பாரிஸ் அரசும் அவர்கள் பக்கமே சாய்ந்தது.

நவம்பர் 21 காலை, நெசவாளர்கள் க்ருவா ரூஸிலிருந்து கீழே இறங்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுத்தபடி இறங்கும் இதே சரிவு. துப்பாக்கிச் சூடு நடந்தது. வேலை செய்து வாழ்வோம், இல்லையென்றால் போராடிச் சாவோம் என்ற வாசகத்துடன் கறுப்புக் கொடி பறந்தது. இரண்டு, மூன்று நாட்களில் ராணுவம் நகரத்தை விட்டு வெளியேற, லியோன் நெசவாளர்கள் கையில் வந்தது.

கையில் வந்த நகரத்தை அவர்கள் கொள்ளையடிக்கவில்லை. காவல் போட்டுப் பாதுகாத்தார்கள். ஆனால் அடுத்து என்ன என்ற திட்டம் அவர்களிடம் இல்லை. டிசம்பர் 3-ம் தேதி சுமார் 20,000 வீரர்களுடன் ராணுவம் உள்ளே வந்தது. கூலிப் பட்டியல் ரத்து. அதைப் பேசி முடித்த அதிகாரிக்கும் பதவி போனது. 1834 ஏப்ரலில் நெசவாளர்கள் மீண்டும் எழுந்தபோது, அரசு பீரங்கியால் பதில் சொன்னது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

தோற்ற சண்டைதான். ஆனாலும் இயந்திரத் தொழில் யுகத்தில் தொழிலாளர்கள் எழுந்த முதல் பெரிய போராட்டங்களில் ஒன்றாக வரலாறு இதை எழுதிக்கொண்டது. அந்த நாட்களில் 'ஃபாப்ரிக்கின் எதிரொலி' என்ற பெயரில் நெசவாளர்களே ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார்கள். முதலாளி, தொழிலாளி தகராறைப் பேசித் தீர்க்க 1806-ல் லியோனில் அமைத்த தொழில் நடுவர் மன்றம் அதற்கும் மூத்தது. அதன் வழியில் வந்த மன்றங்கள் பிரான்ஸ் முழுக்க இன்றும் இயங்குகின்றன.

மாலை 4 மணி: ஆற்றைத் தாண்டிப் பழைய ஊர்

சரிவிலேயே கி.பி. 19-ல் கட்டிய ரோமானிய வட்டரங்கத்தின் இடிபாடு இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு இறங்கலாம். வழியில் 1827-ல் கட்டிய தியாஃபே சந்து. பட்டு வேலை போன பிறகு பாழடைந்து கிடந்த இடம். இப்போது இளம் ஃபேஷன் டிசைனர்களின் கடைகளும் பட்டறைகளும் வரிசையாக இருக்கின்றன.

கீழே தெரோ சதுக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். அங்கிருந்து சோன் நதிப் பாலத்தைத் தாண்டினால் வியூ லியோன், பழைய ஊர். பட்டு முதலில் கால் வைத்தது இங்கேதான். 1960-களில் இந்தத் தெருக்களைத் தட்டி அகலச் சாலை போடும் பேச்சு நடந்தது. மக்கள் எதிர்த்தார்கள். 1964-ல் பிரான்ஸின் முதல் பாதுகாக்கப்பட்ட நகரப் பகுதியாக இது அறிவிக்கப்பட்டது. ஒரு சட்டம் அன்று வராமல் இருந்தால், இன்று பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

சேன் ழான் தெரு 54-ம் எண் கதவில் நுழையுங்கள். நகரத்தின் மிக நீளமான ட்ரபூல் இது. நான்கு முற்றங்களைத் தாண்டி அடுத்த தெருவில் கொண்டுபோய் விடும். கால் வலித்தால் ஃபூர்வியருக்குக் கம்பி ரயில் உண்டு. மேலே ரோமானிய நாடக அரங்கு, பெரிய தேவாலயம், நகரத்தின் முழுக் காட்சி. எதிரே தெரியும் குன்றுதான் காலையில் கிளம்பிய இடம்.

அந்த 30,000 தறிகள் எங்கே?

இல்லை என்பதுதான் பதில். 1850-களில் ஐரோப்பியப் பட்டுப்புழுக்களை நோய் தாக்கியது. நூலுக்குச் சீனாவையும் ஜப்பானையும் நம்ப வேண்டியதானது. விசைத்தறி வந்தது, அது கூலி குறைவான கிராமங்களுக்குப் போனது. பிறகு செயற்கை இழை. 20-ம் நூற்றாண்டில் குன்று அமைதியானது.

இப்போது கைத்தறி என்பது அங்கே அபூர்வம். 1752-ல் தொடங்கிய பிரெல் போன்ற ஓரிரு நிறுவனங்கள், வெர்சாய் மாதிரியான அரண்மனைகளின் பழைய திரைச்சீலைகளை மறுபடி நெய்யக் கைத்தறி வைத்திருக்கின்றன. சில வகை வெல்வெட் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். 4 மீட்டர் உயர நெசவாளர் வீடுகளோ இன்று வசதியானவர்கள் தேடி வாங்கும் அபார்ட்மென்ட்கள். தறி நின்ற இடத்தில் சோபா. நெசவாளர் பேரனுக்கு அந்த வீட்டு வாடகை கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி.

தறி இருந்தபோது நெசவாளர் கேட்ட கூலியைக் கொடுக்காத நகரம், தறி போன பிறகு அவர் பெயரில் தெரு, சுவரோவியம், அருங்காட்சியகம் எல்லாம் வைத்தது.

சரி, ஆரணி என்ன செய்யலாம்?

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-ல் வந்த மத்தியச் சட்டமும் இருக்கிறது. ஆனால் 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்வது இது: நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 35 லட்சம். பத்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கில் 43 லட்சம். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டுக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே.

அதாவது, லியோன் 1831-ல் நின்ற அதே கேள்வியில்தான் நம்ம ஊர் இன்று நிற்கிறது. ஒரு வித்தியாசம், இங்கே தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தறி ஓடும்போதே ஊரைப் பார்க்க ஆளை வரவைக்க முடியுமா? முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. தெலங்கானாவின் போச்சம்பள்ளி இக்கத் நெசவுக்குப் பெயர் போன ஊர். 2021-ல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் சிறந்த சுற்றுலா கிராமங்களில் ஒன்றாகத் தேர்வானது. அங்கே வருபவர்கள் பார்ப்பது நெசவு நடக்கும் வீடுகளைத்தான்.

கலசப்பாக்கத்துக்கும் ஆட்கள் வராமல் இல்லை. பர்வதமலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கமாகத்தான் வருகிறார்கள். ரத சப்தமிக்கு திருவண்ணாமலை அண்ணாமலையாரே செய்யாற்றில் தீர்த்தவாரிக்கு இங்கே எழுந்தருளுகிறார். வருகிற கூட்டத்துக்குப் பக்கத்துத் தெருவில் தறி ஓடுவது தெரியாது, அவ்வளவுதான். லியோனிடமிருந்து காப்பியடிக்க வேண்டியது பிரமாண்டமான கட்டடம் எதுவும் இல்லை. கதவைத் திறந்து வைப்பவருக்கு ஊராட்சியோ சங்கமோ செலவில் பங்கு தரும் அந்தச் சின்ன ஒப்பந்தம் போதும். ஆனால் நாடகம் மாதிரி நெய்து காட்டுவதால் வரும் காசு, சேலைக்கான கூலிக்கு மாற்றாகிவிடக் கூடாது. அப்படி ஆனால் மிஞ்சுவது அருங்காட்சியகம்தான்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

* எப்படிப் போவது? பாரிஸிலிருந்து டி.ஜி.வி. அதிவேக ரயிலில் சுமார் 2 மணி நேரம். 1981-ல் பிரான்ஸின் முதல் டி.ஜி.வி. ஓடியதே இந்த வழியில்தான். முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் விலை குறையும்.
* விசா? ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. சேவை மையக் கட்டணம் தனி.
* எப்போது? டிசம்பர் 8-ஐ ஒட்டி நடக்கும் ஒளி விழா பிரபலம். ஆனால் கூட்டமும் ஹோட்டல் வாடகையும் எகிறும். நிதானமாக நடக்க வசந்த காலம் நல்லது.
* நெசவாளர் இல்லம்? தறி ஓட்டிக் காட்டும் நேரத்தையும் விடுமுறை நாளையும் அவர்களின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.
* ஷூ? நல்ல பிடிப்புள்ளதாக இருக்கட்டும். படிக்கட்டுகளும் கல் பாவிய தெருக்களும் அதிகம்.

இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ளலாம். 1905-ன் சுதேசி இயக்கம் தொடங்கிய நாளான ஆகஸ்ட் 7 நமக்கு தேசிய கைத்தறி தினம். 2015-ல் சென்னையில்தான் அது முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. 1834-ல் ஜக்கார்டு இறந்ததும் ஓர் ஆகஸ்ட் 7-ம் தேதிதான். தற்செயல்தான்.

தறி ஓடும் சத்தத்துக்கு லியோன்காரர்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: 'பிஸ்தான்கிளாக்'. மிதி அழுந்தி, நாடா ஓடி, பலகை அடிக்கும் மூன்று ஓசையும் அதில் உண்டு. இன்று அது அகராதியிலும் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கிறது. கேட்க வேண்டும் என்றால் டிக்கெட் எடுத்து, காட்சி நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். கலசப்பாக்கத்தில் அதைக் கேட்க இப்போதைக்கு டிக்கெட் தேவையில்லை.